க்ரூஸ் கப்பல் பால்கனியில் மணிக்கணக்காக வசதியாக உட்கார என்ன வழி?

கேள்வி இதுதான்: கேபின் பால்கனியில் போட்டிருக்கும் இரண்டு நாற்காலிகளில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது, தொடை மரத்துப்போகிறது. வீட்டிலிருந்தே ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டு போய்விடலாமா, வேறு வழி இருக்கிறதா?

மடக்கு நாற்காலி வேண்டாம். பெட்டியில் இடம் அடைக்கும், ஏறும் இடத்தில் தடுக்கவும் கூடும். அதைவிட முக்கியமான காரணம், அது பெரும்பாலும் பிரச்சினையைத் தீர்க்காது. கப்பல் நாற்காலியில் உடம்பு வலிப்பதற்கு நாற்காலி மட்டும் காரணமில்லை. கால் நீட்ட வழியில்லாதது, வலை தொய்ந்து இடுப்பு உள்வாங்குவது, பால்கனித் தடுப்பின் மேல்கட்டை கண்ணுக்கு நேராக வந்து கழுத்தை வளைக்க வைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் வலி. இந்த மூன்றையும் இரண்டு துண்டு, கால் வைக்க ஒரு ஸ்டூல், நாற்காலியைத் திருப்பிப் போடும் கோணம் ஆகியவற்றைக் கொண்டே சரிசெய்யலாம். இதையும் தாண்டிய வசதி வேண்டுமென்றால் அதைக் கேபினைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். கப்பல் ஏறிய பிறகு பால்கனி பெரிதாகாது.

அளவுகளிலிருந்து தொடங்கலாம். சாதாரண பால்கனி கேபின்களில் கதவிலிருந்து கண்ணாடித் தடுப்பு வரை ஆழம் சுமார் 120 முதல் 150 செ.மீ. இருக்கும். அகலம் கேபினின் அகலமேதான், ஏறக்குறைய 2.5 முதல் 2.8 மீட்டர். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும், முதுகுச் சாய்வினால் உங்கள் இடுப்பு சுவரிலிருந்து 15, 20 செ.மீ. தள்ளித்தான் இருக்கும். நடுத்தர உயரமுள்ளவருக்கு இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு மீட்டர். இரண்டையும் கூட்டினால் 120 செ.மீ. ஆழம் தீர்ந்துவிட்டது. அதாவது சிறிய பால்கனியில் கடலைப் பார்த்து நேராக உட்கார்ந்து காலை நீட்டினால் விரல் கண்ணாடியில் இடிக்கும். முழங்காலை மடக்கியே உட்கார வேண்டியிருப்பதால்தான் அரை மணியில் அலுப்புத் தட்டுகிறது. முழு நீளச் சாய்வு நாற்காலி 190 செ.மீ.க்குக் குறையாது. அதைக் கடலுக்கு நேராகப் போடவே முடியாது. தடுப்புக்கு இணையாக நீளவாக்கில் போட்டால் பால்கனியின் முக்கால்வாசி போய்விடும், துணைக்கு வந்தவர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

இதற்குச் செலவில்லாத தீர்வு, நாற்காலியைச் சாய்வாகத் திருப்பிப் போடுவது. 45 பாகை திருப்பினால் அதே 120 செ.மீ. ஆழத்தில் மூலைக்கு மூலையாக 170 செ.மீ. வரை நீளம் கிடைக்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. முதுகு கப்பலின் முன்பக்கத்தையும் முகம் பின்பக்கத்தையும் பார்க்கட்டும். காற்றே இல்லாத நாளிலும், கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போனால் மணிக்கு 37 கி.மீ. காற்று முன்னாலிருந்து அடிக்கும். எதிர்க்காற்று சேர்ந்தால் இன்னும் கூடும். பக்கத்துத் தடுப்புப் பலகையும் நாற்காலியின் முதுகும் அதில் பெரும்பகுதியை மறித்துவிடும். இரண்டு பேர் இருந்தால் இரண்டு நாற்காலிகளையும் ஒரே திசையில் சாய்வாகப் போடுங்கள். எதிரெதிராகப் போட்டால் நடுவில் கால்கள் மோதிக்கொள்ளும்.

கதவையும் கவனிக்க வேண்டும். சில கப்பல்களில் பால்கனிக் கதவு பக்கவாட்டில் நகரும், சிலவற்றில் வெளிப்பக்கமாகத் திறக்கும் கனமான கதவு. வெளியே திறக்கும் கதவென்றால் அதன் வீச்சுக்கு முக்கால் மீட்டராவது விட்டுத்தான் நாற்காலி போட முடியும்.

ஏறிய அன்றே கேட்க வேண்டியவை

பால்கனி நாற்காலிகள் எல்லாக் கேபின்களிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரே கப்பலிலேயே நிமிர்ந்த முதுகு கொண்ட நாற்காலி, நெம்புகோலால் சாயும் நாற்காலி, கால் ஸ்டூல், முழுச் சாய்வு நாற்காலி என்று பல வகை இருக்கும். நல்லவை பெரும்பாலும் உயர்வகைக் கேபின்களுக்குப் போகும், மிச்சம் கிடங்கில் கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சம் முதலில் கேட்டவருக்குத்தான். கேபின் ஊழியர் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அந்த முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் கேட்டால் தீர்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

‘வசதியான நாற்காலி வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘ஒரு நாற்காலியை எடுத்துவிட்டுச் சாயும் நாற்காலி ஒன்று தர முடியுமா? முடியாவிட்டால் கால் ஸ்டூல் ஒன்று?’ என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எதையாவது எடுத்துக்கொள்ளச் சொல்வதும் முக்கியம். சிறிய பால்கனியில் இரண்டு நாற்காலியோடு மூன்றாவது வந்தால் மூன்றுமே பயனற்றுப் போகும். ஒருவர் மட்டும் பயணம் செய்தால் இரண்டாவது நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், கால் நீட்ட அது உதவும். நீச்சல் குளத்துத் தளத்திலிருந்து நாற்காலியைத் தூக்கிவருவது மட்டும் கூடாது. அது எல்லா நிறுவனங்களிலும் பிரச்சினையாகும்.

உடல் பருமன், முழங்கால் தேய்மானம், இடுப்பு அறுவை சிகிச்சை போன்ற காரணங்கள் இருந்தால் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. எல்லா நிறுவனங்களிலும் மாற்றுத்திறனாளிகள், சிறப்புத் தேவைகளுக்கான பிரிவு ஒன்று உண்டு. அவர்களுக்குப் பல வாரங்களுக்கு முன்பே எழுத வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியா, அதிக எடை தாங்கும் நாற்காலியா, இருக்கை உயரம் 48 செ.மீ.க்கு மேல் வேண்டுமா என்று அளவோடு எழுதுங்கள். பால்கனி வாசலில் தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஒரு மேடு இருக்கும். சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்துபவர் அதற்குச் சாய்தளம் வேண்டுமென்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிட வேண்டும்.

இருக்கும் நாற்காலியைச் சரிசெய்வது

பெரும்பாலும் கிடைப்பது அலுமினியச் சட்டத்தில் நெகிழி பூசிய பாலியெஸ்டர் வலை இழுத்துக் கட்டிய நாற்காலி. உப்புக்காற்றில் துருப்பிடிக்காது, மழை நீர் தேங்காது, கழுவினால் உடனே காயும். கப்பல்காரர்களுக்கு அருமையான பொருள். ஆனால் சில வருடங்கள் ஆனதும் வலையின் நடுப்பகுதி தொய்ந்து ஒரு பள்ளமாகிவிடும். அதில் உட்கார்ந்தால் இரண்டு விஷயம் நடக்கும். இடுப்பு பின்னால் சரிந்து கீழ்முதுகு கூன் போடும், முன்பக்கச் சட்டக்குழாய் தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். முதலாவதால் வலி, இரண்டாவதால் மரப்பு.

பள்ளத்தை முதலில் நிரப்ப வேண்டும். 70க்கு 140 செ.மீ. அளவுள்ள குளியல் துண்டை நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கே இரண்டு முறையும் மடித்தால் 35 செ.மீ. சதுரத்தில் எட்டு அடுக்குத் திண்டு கிடைக்கும். அதை இருக்கையின் பின்பாதியில், முதுகோடு ஒட்ட வையுங்கள். இருக்கை முழுவதையும் மூடும்படி விரிப்பதுதான் பலரும் செய்வது, அதில் பலனில்லை. பள்ளம் பள்ளமாகவே இருக்க, முன்பக்கமும் சேர்ந்து உயர்ந்துவிடும். அழுந்திய பிறகு 3, 4 செ.மீ. உயரம் நிற்க வேண்டும். ஒரு துண்டு போதாவிட்டால் இரண்டு வையுங்கள்.

பிறகு இடுப்பு. சின்னக் கைத்துண்டைக் கெட்டியாக இல்லாமல் சற்றுத் தளர்வாகச் சுருட்டி, இடுப்பு வார் கட்டும் மட்டத்துக்குச் சற்று மேலே, முதுகு உட்குழியும் இடத்தில் வைக்க வேண்டும். இருக்கையோடு ஒட்டிக் கீழே வைத்தால் அது உங்களை முன்னால்தான் தள்ளும். வழுக்கிக்கொண்டே இருந்தால் ஒரு மெல்லிய துணியால் நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டிவிடலாம். தலையணை வேண்டாம். அது தடிமனாக இருப்பதால் தோள்களை முன்னால் தள்ளும், கேபின் தலையணை என்றால் உப்பும் ஈரமும் ஏறி இரவில் அதன்மேல் படுக்க முடியாது.

மூன்றாவது கால். ஸ்டூல் கிடைக்காவிட்டால் கையில் கொண்டுபோகும் சிறிய கெட்டிப் பெட்டியைப் படுக்கவைத்து மேலே ஒரு துண்டு போடுங்கள். அதன் உயரம் 20 முதல் 25 செ.மீ. வரும். காலை அரைகுறையாக நீட்டி வைக்க அதுவே நல்ல உயரம், தொடை சட்டக்குழாயிலிருந்து சற்று எழும்பிவிடும். எதிர் நாற்காலியில் கால் வைப்பதாக இருந்தால் குதிகால் மட்டும் அதன் விளிம்பில் படும்படி வைக்காதீர்கள். நடுவில் முழங்கால் தொங்கிப் பின்பக்கம் இழுத்துக்கொள்ளும். கெண்டைக்கால் தாங்கும் அளவுக்கு எதிர் நாற்காலியை நெருக்கிப் போடுங்கள். பால்கனிக் குட்டி மேசை கால் வைப்பதற்கில்லை. பலவற்றின் கால் தளர்ந்திருக்கும், மேல்பலகை கண்ணாடியாகவும் இருக்கலாம்.

வீட்டிலிருந்து கொண்டுபோக எதையாவது வாங்கத்தான் வேண்டுமென்றால் இரண்டே பொருள். ஒன்று, முகாம்களில் பயன்படும், தானே காற்று உள்வாங்கும் இருக்கை மெத்தை, 3, 4 செ.மீ. தடிமனில். இன்னொன்று, விமானத்தில் பயன்படுத்தும் காற்றடைத்த கால்திண்டு. இரண்டையும் முழுக்க ஊதாமல் முக்கால்வாசி ஊதினால்தான் உடம்புக்கு இணங்கும். வெயிலில் காற்று விரியும் என்பதால் முழுக்க ஊதிய திண்டின் ஒட்டு விட்டுப்போகும் அபாயமும் உண்டு. ஜெல் நிரப்பிய மெத்தைகளைத் தவிருங்கள். கனம் அதிகம், வெயிலில் வைத்தால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குளிர்ப் பிரதேசங்களுக்குப் போகும் கப்பல் என்றால் வேறு ஒரு தொல்லை. வெயில் நாட்டில் இதமாக இருக்கும் அதே வலை, அலாஸ்காவிலோ நார்வே கடற்கரையிலோ கீழிருந்தும் பின்னாலிருந்தும் காற்றை நேராக உடம்புக்குள் விடும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் குளிரும். போர்வையை முதலில் இருக்கையிலும் முதுகிலும் விரித்து அதன்மேல் உட்கார்ந்து, மிச்சத்தை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரைப்பாய்த் துண்டு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

கண்ணுக்கு நேரே கட்டை

இது பலர் யோசிக்காத விஷயம். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுக் கப்பல் பயணிகள் பாதுகாப்புச் சட்டம், தடுப்பு குறைந்தது 42 அங்குலம், அதாவது சுமார் 107 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்கிறது. நிமிர்ந்த நாற்காலியின் இருக்கை 42 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் கண் வரை 70 முதல் 80 செ.மீ. ஆகக் கண் 112 முதல் 122 செ.மீ. மட்டத்தில். வலை நாலு செ.மீ. தொய்ந்து, நீங்களும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தால் கண் சரியாகத் தடுப்பின் மேல்கட்டை மட்டத்துக்கு வந்துவிடும். அடிவானம் எப்போதும் கண் மட்டத்தில்தான் தெரியும் என்பதால், கட்டை அடிவானத்தை அப்படியே மறைத்துவிடும். பார்ப்பதற்காகக் கழுத்தைத் தூக்கித் தூக்கி, மாலையில் கழுத்து வலி.

ஐந்து செ.மீ. மேலே போங்கள், அல்லது பதினைந்து செ.மீ. கீழே போங்கள். நடுவில் நிற்கக் கூடாது. துண்டுத் திண்டு உங்களை மேலே தூக்கும், சாயும் நாற்காலி கண்ணைக் கீழே இறக்கிக் கண்ணாடி வழியாகப் பார்க்க வைக்கும். கண்ணாடி வழியாகப் பார்ப்பதென்றால் அதில் படியும் உப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சில கேபின்களில், குறிப்பாகச் சில கப்பல்களின் முன்பகுதியில், தடுப்பு கண்ணாடியாக இல்லாமல் முழு இரும்புச் சுவராக இருக்கும். அங்கே தாழ்வான சாய்வு நாற்காலி கேட்டு வாங்கினால் பார்க்கக் கிடைப்பது வெள்ளைச் சுவர் மட்டும்.

தேர்ந்தெடுக்கும்போதே

பால்கனியின் ஆழத்தைத் தளவரைபடத்தில் பாருங்கள். கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்த கேபின்கள், பக்கவாட்டில் புடைத்து நிற்கும் பகுதியின் மூலைக் கேபின்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின்கள் ஆகியவற்றில் பல சமயம் ஆழம் கூடுதலாக இருக்கும். கடைசி வகையைத் தேவையுள்ளவர்களுக்கே விட்டுவிடுவதுதான் நியாயம். பின்பக்கப் பால்கனிகளில் காற்று குறைவு. ஆனால் இயந்திர அதிர்வும், சில நாட்களில் புகைபோக்கிக் கரியும் நாற்காலிமேல் இருக்கும். படிப்படியாக உள்வாங்கிய அமைப்பென்றால் மேல் தளத்திலிருந்து எல்லாரும் உங்களைப் பார்க்கலாம், நிழலும் இராது.

காற்று ஆகாதவர்களுக்கு, குயின் மேரி 2 கப்பலில் உடற்சுவரையே குடைந்து அமைத்த பால்கனிகள் இருக்கின்றன. நிழலும் மறைப்பும் அபாரம், ஆனால் தடுப்பு இரும்பு. ராயல் கரீபியனின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் உள்முற்றத்தைப் பார்த்த பால்கனிகள் உண்டு, அங்கே கடலும் தெரியாது, கடல்காற்றும் குறைவு. 2018இல் வந்த செலிப்ரிட்டி எட்ஜ் வகைக் கப்பல்களில் பல கேபின்களுக்கு வெளிப் பால்கனியே இல்லை. கேபினின் கடைசிப் பகுதியில் பொத்தானை அழுத்தினால் கண்ணாடியின் மேல்பாதி இறங்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் அது அறையின் பகுதிதான். உட்கார்ந்து வாசிக்க விரும்புபவருக்கு இது நல்ல ஏற்பாடு, திறந்த வெளி வேண்டுபவருக்கு ஏமாற்றம்.

வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதையும் கணக்கிடலாம். வட அரைக்கோளத்தில், வெப்ப மண்டலத்துக்கு வடக்கே, மேற்கு நோக்கிப் போகும் கப்பலில் இடப்பக்கத்துக்கும் கிழக்கு நோக்கிப் போகும் கப்பலில் வலப்பக்கத்துக்கும் பகலில் பெரும்பகுதி வெயில் விழும். வடக்கே போனால் வலப்பக்கத்துக்குக் காலை வெயில், இடப்பக்கத்துக்கு மாலை வெயில். போய்த் திரும்பும் பயணமென்றால் இரண்டும் சமமாகிவிடும், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி

மெத்தை போட்ட சோபா ஒன்றைப் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். 2006 மார்ச் 23 அன்று கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் தீப்பிடித்தது. ஒரு பால்கனியில் விழுந்த சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணம் என்று விசாரணை சொன்னது. பால்கனித் தடுப்புப் பலகைகள், தரை ஓடுகள், நெகிழி நாற்காலிகள் வழியாகத் தீ தளம் தளமாக ஏறியது. அதன் பிறகு சர்வதேச விதிகள் மாறி, 2008 ஜூலை 1 முதல் பால்கனியில் வைக்கும் பொருட்களுக்கும் தீ விதிகள் வந்தன. எளிதில் தீப்பிடிக்காத பொருட்களையே வைக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயும் நீர்தெளிப்பானும் தீ உணர்கருவியும் வேண்டும். வலையும் அலுமினியமும் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கேபினுக்குள் இருக்கும் மெத்தை நாற்காலியையோ படுக்கை மெத்தையையோ வெளியே இழுக்கக் கூடாது என்பதும், எழுந்து போகும்போது திண்டு, துண்டுகளை உள்ளே எடுத்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான். காற்றில் பறந்து போவது தனிக் கணக்கு. துணி ஊஞ்சல் கட்டும் யோசனை வேண்டாம். தடுப்புப் பலகையின் இணைப்புகள் ஆள் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவையல்ல.

குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன எல்லாமே இரண்டாம்பட்சம். 107 செ.மீ. தடுப்பின் அருகே 45 செ.மீ. இருக்கை கிடந்தால், அதன்மேல் ஏறும் குழந்தைக்குத் தடுப்பு 62 செ.மீ. மட்டும்தான். கால் ஸ்டூலும் பெட்டியும் அதே ஆபத்துதான். நாற்காலிகள் எப்போதும் சுவர்ப்பக்கம் இருக்கட்டும், பெரியவர் இல்லாதபோது கதவின் மேல்தாழ் போட்டிருக்கட்டும். ஏறும் வயதுக் குழந்தை என்றால் நாற்காலி, மேசை எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லி ஊழியரிடம் கேட்கலாம், செய்துகொடுப்பார்கள்.

அன்றாடப் பராமரிப்பு கொஞ்சம்தான். காலையில் உட்காருமுன் வலையையும் கைப்பிடியையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்பு ஈரத்தை இழுப்பதால்தான் நாற்காலி எப்போதும் பிசுபிசுக்கிறது, உலர்ந்த துணியால் துடைத்தால் போகாது. துறைமுகத்தில் நிற்கும்போது ஊழியர்கள் பால்கனிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள், கரைக்கு இறங்குமுன் வெளியே எதுவும் இருக்கக் கூடாது. நாற்காலியைத் தரையில் இழுக்காமல் தூக்கி வையுங்கள், இரும்புத் தளத்தில் அந்தச் சத்தம் கீழ்க் கேபினுக்கு இடிபோல் கேட்கும். இரவில் காற்றுக்கு நாற்காலி நடுங்கிச் சத்தமிட்டால் அதற்கும் பலகைக்கும் நடுவே ஒரு கைத்துண்டைச் செருகி, படுக்கப்போகும்முன் மேசையை உள்ளே எடுத்துவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் ஊழியர்களே வந்து எல்லாவற்றையும் படுக்கவைத்துக் கட்டிவிடுவார்கள். நீச்சல் குளத்துத் துண்டுகளைத் திண்டாகப் பயன்படுத்தியிருந்தால் கடைசி நாளுக்கு முன்னதாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், திரும்பாத துண்டுக்குப் பல நிறுவனங்கள் கணக்கில் பணம் சேர்த்துவிடும். காற்றடைத்த மெத்தையையும் கால்திண்டையும் நல்ல தண்ணீரில் அலசி, பெட்டியை வாசலில் வைக்கும் கடைசி இரவுக்கு முந்தின நாளே காயப்போட வேண்டும்.